வீட்டில் தச்சுப் பட்டறை

சேலம் நகரைச் சேர்ந்த செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய்க்கிழமைச் சந்தையினால் பெயர் பெற்ற இடமாகும். சந்தைக்கு அடுத்தபடியாக அதற்குக் கீர்த்தி அளிப்பது வெள்ளிக் கொலுசுத் தொழில். இத்தொழிலின் பெரும் பகுதி ஆலைகளில் நடைபெறுவதன்று. குடும்பங்கள் தங்கள் வீடுகளிலேயே அமைத்துக்கொண்ட சிறு பட்டறைகளில் நடைபெறுவது. வெள்ளியை உருக்குதல், கம்பி இழுத்தல், பற்றவைத்தல், மெருகிடுதல் ஆகிய வேலைகள் பல கைகளில் பிரிந்து நடக்கின்றன. பட்டறைக்கு முதலில் வேண்டுவது பெரிய கட்டிடமன்று, ஒழுங்கே என்பதற்கு இது தக்க திருஷ்டாந்தம். தச்சு வேலை பழக விரும்பும் சங்க அங்கத்தினரும் இதையே மனத்தில் கொள்ளவேண்டும்.

நோக்கம்

வயல் வேலை ஓய்ந்த நாட்களில் ஒரு குடும்பம் தனக்கு வேண்டிய மணைப்பலகை, முக்காலி, பெட்டி, அலமாரி முதலியவற்றைத் தானே செய்துகொண்டால் ரொக்கச் செலவு குறையும். பழுதான சாமான்களும் வீணாகா. எனினும் ஊர்த் தச்சரின் பிழைப்பில் கை வைப்பது இதன் நோக்கமன்று. கதவு, நிலை, கூரை, வண்டி ஆகியவை அவருக்கே உரியவை. அவருக்குத் தக்க ஊதியம் கொடுத்துச் சில நாள் அருகிலிருந்து கற்றுக்கொள்வதே சிறந்த வழி.

இடமும் மேசையும்

எட்டடிக்குப் பத்தடி இடம், வெளிச்சமும் காற்றும் உள்ள திண்ணை அல்லது தாழ்வாரம் போதுமானது. வடக்கு நோக்கிய வெளிச்சம் வெயிலின் கூச்சமின்றி நாள் முழுவதும் ஒரே தன்மையாக இருக்கும். தரையில் அமர்ந்து காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்வது தச்சர்களின் பழைய வழக்கம். பழக்கமில்லாதவருக்கு அது அபாயம். ஆதலால் கனமான மேசை ஒன்று அவசியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவே மேசையின் உயரமாயிருக்கலாம். இழைக்கும்போது மரம் நழுவாதபடி மேசையின் ஓரத்தில் ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்தவேண்டும்.

கருவிகள்

முதல் வருஷத்திற்குப் போதுமான கருவிகள் இவை: ரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் அகலமுள்ள உளிகள் இரண்டு, கொட்டாப்புளி, சுத்தியல், மூலைமட்டம், அளவுகோல், துளையிடும் தமரூசி, சாணைக்கல். மற்றவற்றைத் தேவை வந்தபின் வாங்கலாம்.

சேலத்திற்கு அண்மையிலுள்ள கஞ்சமலையின் இரும்புத் தாதுவை உருக்கி எஃகு செய்யும் வித்தை இப்பகுதியில் பழமையானது. ஆயினும் எவ்வளவு உயர்ந்த எஃகாயினும் தீட்டாவிடில் பயனில்லை. உளியை இருபத்தைந்து பாகைச் சரிவில் தேய்த்து, நுனியை மட்டும் முப்பது பாகையில் தீட்டவேண்டும். மழுங்கிய உளிக்கு அதிக பலம் வேண்டியிருப்பதால், அது நழுவிக் கையைக் கிழிக்கும். இரண்டு கைகளும் உளியின் கூருக்குப் பின்னாலேயே இருக்கவேண்டும் என்பது மாறாத விதி.

மரத்தைப் பதப்படுத்தல்

புதிதாகப் பழகுவோர் நஷ்டமடைவது பெரும்பாலும் இங்கேதான். தை மாதம் வெட்டிய மரத்தில் மாசி மாதம் செய்த முக்காலி, சித்திரை வெயிலில் மூட்டு விட்டு ஆடத் தொடங்கும். காரணம், ஈரம் வற்றும்போது மரம் சுருங்குகிறது. அதுவும் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவாக அன்று. வருட வளையங்களை ஒட்டிச் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகை கோணுவதும் வெடிப்பதும் இதனாலேயே.

ஆகையால் மரத்தைப் பலகைகளாக அறுத்தவுடன், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில் அடுக்கவேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓரங்குலக் குச்சிகளை ஒன்றுக்கு நேர் மேலாக ஒன்று வைத்தால் காற்று புகும். பலகைகளின் இரு முனைகளிலும் சாயம் பூசினால் முனை வெடிப்பு குறையும். ஓரங்குலப் பலகைக்கு ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு. ஐயமிருப்பின் சிறு துண்டு ஒன்றை வாரந்தோறும் நிறுத்துப் பார்க்கலாம். எடை குறைவது நின்றபின்னரே மரம் வேலைக்குத் தகுதியாகும்.

தேக்கு விலை உயர்ந்தது. வேம்பு, வாகை, பூவரசு, காய்ப்பு நின்ற மா ஆகியவை பழகுவதற்கு ஏற்றவை. ஆனால் மாவில் வண்டு விரைவில் விழும். மரப்பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியே வண்டுக்கு உணவு. அதைக் கழித்துவிட்டு, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் பலகையை ஊறவைத்து உலர்த்தினால் பாதுகாப்பு உண்டு. வெள்ளியைப் பற்றவைக்கப் பயன்படும் அதே வெண்காரந்தான் இது. மழையில் கரைந்துவிடுமாதலால், வீட்டினுள் வைக்கும் சாமான்களுக்கே இம்முறை ஏற்றது.

படிப்படியாகப் பழகுதல்

பின்லாந்து தேசத்தில் 1866-ஆம் வருஷத்திலேயே ஆரம்பப் பள்ளிகளில் கைவேலை கட்டாயமாக்கப்பட்டது. ஸ்வீடனில் ஓட்டோ சாலமோன் என்பவர் நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்களுக்கு மரவேலை கற்பித்தார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல், செய்யும் ஒவ்வொன்றும் வீட்டிற்கு உபயோகமாயிருத்தல் என்பவை அம்முறையின் இரு கொள்கைகள். அதன்படி முதலில் மணைப்பலகை, பின்னர் ஆணியடித்த பெட்டி, அதன் பின்னரே மூட்டு வைத்த முக்காலி என்று செல்லலாம்.

மூன்று கால்கள் கரடுமுரடான தரையிலும் ஆடாமல் நிற்கும். முக்காலியின் சிறப்பு அதுவே. கால்களைச் சற்று வெளிநோக்கிச் சாய்த்து வைத்தால் கவிழும் அபாயமும் குறையும். நான்கு கால்களும் சட்டங்களும் கொண்ட மேசைக்கு, சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு கழுந்தாகச் செதுக்கப்படவேண்டும். கழுந்து துளையில் கையின் அழுத்தத்தால் இறங்கவேண்டும். ஓங்கி அடித்து இறக்கினால் கால் பிளக்கும். மேற்பலகையை ஒரேயடியாக ஆணியடித்து இறுக்காமல், சற்று நீண்ட துளைகளில் திருகாணி போட்டு, அது விரிந்து சுருங்க இடம் விடவேண்டும்.

சங்கத்தின் பங்கு

1904-ஆம் வருஷத்திய சட்டம் கடன் சங்கங்களுக்கே இடமளித்தது. 1912-ஆம் வருஷத்திய சட்டம் கொள்முதல், விற்பனை முதலிய பிற நோக்கங்களுக்கும் வழி திறந்தது. பலர் கூடி வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் என்னும் அக்கொள்கை இங்கும் பொருந்தும். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே கடன் பட்டுப் பத்து இழைப்புளி வாங்குவது வீண். உளியும் கொட்டாப்புளியும் அவரவர் சொந்தமாயிருக்கட்டும். பெரிய ரம்பமும் சாணைக்கல்லும் பொதுவாயிருக்கட்டும். பொதுக் கருவிக்கு ஒரு பதிவுப் புத்தகமும், அதைத் தீட்டித் திருப்பித் தரவேண்டும் என்ற விதியும் இருந்தால் சச்சரவு நேராது. மரம் ஒன்றைக் கூட்டாக வாங்கி, அறுத்து, பொதுக் கொட்டகையில் உலர்த்துதல் அதனினும் நன்று. ஒரு வருஷம் காத்திருக்கும் பொறுமை தனி மனிதருக்கு அரிது, சங்கத்திற்கு எளிது.

செய்த ஒவ்வொரு சாமானுக்கும் மரம், ஆணி, வஜ்ரம், செலவான நாட்கள் ஆகியவற்றின் கணக்கை எழுதிவைக்கவேண்டும். கடைவிலையை விட அதிகமாகத் தோன்றினால் அச்சாமானை வாங்குவதே விவேகம். கணக்கு எழுதாத பட்டறை பொழுதுபோக்காக முடியும். கணக்கு எழுதும் பட்டறையே குடும்பத்திற்குத் துணையாகும்.