கோடிணைக்கும் புதிர்: நிறையும் குறையும்

புதிர் அவிழ்ப்பதில் மக்களுக்கு எக்காலத்தும் விருப்பம் உண்டு. விடை காணும்வரை எழும் தவிப்பும், கண்டபின் தோன்றும் மகிழ்ச்சியுமே அவ்விருப்பத்திற்குக் காரணங்களாம். முன்பு தாளில் இருந்த புதிர்கள் இக்காலத்தில் கைப்பேசித் திரையில் ஏறியுள்ளன. அவற்றுள் ஒன்று ‘ஃப்ளோ ஃப்ரீ’ என்னும் விளையாட்டு. அமெரிக்க நாட்டு ‘பிக் டக் கேம்ஸ்’ நிறுவனம் இதனை 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இவ்வகைப் புதிர் பழைமை உடையது. 1897-இல் சாம் லாயிட் என்பார் ‘புரூக்ளின் டெய்லி ஈகிள்’ என்னும் செய்தித்தாளில் இதனையொத்த புதிரொன்றை வெளியிட்டார். ஆங்கில நாட்டு ஹென்றி டியூட்னி 1917-இல் வெளியிட்ட கணிதப் புதிர் நூலிலும் இத்தகையதொன்று காணப்படுகிறது. பின்னர் சப்பானிய ‘நிக்கோலி’ நிறுவனம் எண்களை இணைக்கும் புதிராக இதனைப் பரப்பியது.

ஆடும் முறை மிக எளியது. சதுரக் கட்டங்கள் கொண்ட பலகையில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு புள்ளிகள் இருக்கும். ஒரே நிறப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தல் வேண்டும். ஒரு கோடு மற்றொன்றை வெட்டலாகாது. ஒரு கட்டமும் வெறுமையாக எஞ்சலாகாது. இவ்வளவே விதிகள்.

விதி எளிதாயினும் ஆட்டம் எளிதன்று. அருகிலுள்ள இரு புள்ளிகளைக் குறுக்கு வழியில் இணைத்துவிட்டால், அக்கோடே பிற கோடுகளுக்கு மதிலாய் நின்றுவிடும். ஆதலின், தன் வழியை மட்டும் நோக்காது, எல்லார்க்கும் வழியுண்டா என நோக்குபவனே வெல்வான். இதுவே இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு.

அறிவுடன் ஆடுவார்க்கு உய்த்துணரும் வாய்ப்பும் இதில் உண்டு. பலகையின் மூலைக் கட்டத்திற்கு அண்டைக் கட்டங்கள் இரண்டே. அம்மூலையில் புள்ளி இல்லையெனில், அங்கே வரும் கோடு ஒன்றன் வழியே புகுந்து மற்றதன் வழியே வெளியேறுதல் வேண்டும். வேறு வழி இல்லை. இவ்வாறு உறுதியானதைப் பற்றி உறுதியற்றதை அறிதலே தருக்க நெறி. மேலும், தவறான கோட்டை அழித்து மீண்டும் தொடங்கலாம்; அதற்குத் தண்டனை இல்லை. சொற்களுக்கும் வேலை இல்லையாதலின், சிறுவரும் முதியோரும் எம்மொழியினரும் ஆடலாம்.

இது வெறும் பொழுதுபோக்குமன்று. மின்சுற்றுப் பலகையில் மின்தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் செல்ல வழி வகுப்பதும் இத்தகைய சிக்கலே. கட்டங்கள் பெருகப் பெருக, இவ்வகைப் புதிர் கணிப்பொறிக்கும் கடினமாகிறது; எல்லாப் பலகைகளையும் விரைந்து தீர்க்கும் பொதுமுறை இதுகாறும் அறியப்படவில்லை.

இனிக் குறைகளை நோக்குவோம். பலகைகள் எண்ணிறந்தன, ஆயினும் பெரும்பாலானவை ஒரே தன்மையன. சில நாள் ஆடியவன் புதிய கருத்து ஒன்றையும் பெறாமல், பழகிய விரலசைவையே திரும்பச் செய்வான். பாலங்களும் அறுகோணக் கட்டங்களும் கொண்ட பிற வடிவங்கள் இக்குறையைச் சிறிதே போக்குகின்றன. சிறிய பலகைகளை எண்ணாமலே, கோட்டை இழுத்தும் அழித்தும் முடித்துவிடலாம். அப்போது விளையாட்டு உண்டு, சிந்தனை இல்லை. விலையின்றிக் கிடைப்பினும் இடையிடையே விளம்பரங்கள் தோன்றும், குறிப்புகளும் விற்கப்படுகின்றன. விலை கொடுத்து விடை பெறுபவன் புதிரை அவிழ்த்தவன் ஆகான்.

இத்தகைய ஆட்டங்கள் மூளையை வளர்க்கும் என்று சிலர் கூறுவர். புதிராட்டத்தில் பெறும் பழக்கம் அவ்வாட்டத்தில் திறமை தரும் என்பது உண்மையே. ஆயினும், அத்திறமை கல்வியிலும் வாழ்விலும் தானே வந்து உதவும் என்று கொள்ளுதற்குப் போதிய சான்று இல்லை என 2014-இல் அறிவியலார் பலர் கூட்டாக அறிவித்தனர். எனவே, பாட நூலை மூடிவிட்டுப் புதிர்ப் பலகையைத் திறப்பவன், படிப்பதாகத் தன்னையே ஏமாற்றிக் கொள்கிறான்.

உப்பு உணவிற்குச் சுவை தரும், உப்பே உணவாகாது. ஓய்ந்த வேளையில் ஒரு பலகையை எடுத்து, விரலை இழுக்குமுன் கண்ணால் வழி கண்டு, விடை வந்ததும் கீழே வைத்துவிடுதலே இதனை ஆடும் நன்முறையாகும்.