டிரஸ்ட் தொடங்குவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்குப் பெரியப்பாவின் ஆசிகள்.

டைடல் பார்க்கில் கூட வேலை பார்க்கும் நாலைந்து பேரோடு சேர்ந்து ஒரு டிரஸ்ட் தொடங்கப் போகிறாயாம், பெயரும் லோகோவும்கூடத் தயாராம். பெரியம்மா சொன்னாள். எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், பான் எண் வாங்க வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு, ரசீது புத்தகம், ஆடிட்டர், வருமான வரி என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஒரு குழந்தைக்கு நாலு எழுத்து சொல்லிக்கொடுப்பதற்குள் முதல் வருஷம் ஓடிவிடும். பட்டாபிராமைச் சுற்றி ஏற்கெனவே என்னென்ன நடக்கிறது, அதில் எங்கே ஆள் குறைகிறது என்று முதலில் பார்த்துவிடலாமே என்பதுதான் பெரியப்பாவின் யோசனை.

ஊர் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 330 கோடி ரூபாயில் எழுந்து 2024 நவம்பர் 22-இல் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பார்க் கட்டடத்தைப் பார்த்ததும், பட்டாபிராம் சென்னைக்குள் வந்துவிட்டது என்றே புதிதாகக் குடிவருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஊர் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், 2019-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஆவடியின் எல்லைக்குள். போலீசுக்கும் 2022 முதல் ஆவடி ஆணையரகம். சாக்கடை அடைத்துக்கொண்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் 1913-க்கு போன் போட்டுப் பயனில்லை. அது பெருநகரச் சென்னை மாநகராட்சியின் எண். இந்த ஒரு விஷயத்தை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் புரியவைத்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

கிராமத்துக்குக் கிராமசபை இருப்பதுபோல நகரத்துக்கு ஏரியா சபை வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாடு முழுவதும் அவை கூடின; முதல்வர் பம்மலில் நடந்த கூட்டத்துக்குப் போனார். வார்டு கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி, அதற்குக் கீழே ஏரியா சபை என்பது அமைப்பு. குப்பை வண்டி வராத சந்து, தண்ணீர் வடியாத முனை இரண்டையும் அங்கே எழுந்து நின்று சொல்லலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ‘நமக்கென்ன’ என்று போவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரை இங்கே மாற்றிக்கொண்டு ஒரு கூட்டத்துக்காவது போய் உட்கார வேண்டும். சேவை என்றால் சோறு போடுவது மட்டும் இல்லையே.

அடுத்தது நேரக் கணக்கு. ஆவடியைத் தாண்டியதும் மின்சார ரயில் நிற்கும் இந்து கல்லூரி நிலையத்துக்குப் பெயர் கொடுத்த தர்மமூர்த்தி ராவ் பகதூர் கலவல கண்ணன் செட்டி இந்து கல்லூரி 1969-இல் தொடங்கியது. நாட்டு நலப்பணித் திட்டம் வந்ததும் அதே வருஷம், காந்தி நூற்றாண்டில். அந்தத் திட்டத்தில் சேரும் மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது கணக்கு. வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டரை மணிகூட வராது. வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதைவிட நல்ல அளவு கிடையாது. முதல் மாதம் நாலு ஞாயிறும் பகல் முழுக்க ஓடிவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போவதைவிட, சனிக்கிழமை காலை இரண்டரை மணி நேரத்தை மாறாமல் கொடுப்பவரைத்தான் எந்த இல்லமும் விரும்பும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத அக்காவை வாசலில் நின்று எதிர்பார்க்கும் பிள்ளைக்கு, ‘ஆபீசில் டெட்லைன்’ என்பதெல்லாம் புரியாது.

அப்படிச் சனிக்கிழமை போவதற்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. பட்டாபிராமிலிருந்து நெமிலிச்சேரி, அடுத்து திருநின்றவூர். அங்கிருந்து உள்ளே போனால் கசுவா கிராமம். சேவாலயா அங்கேதான் 1988-இல் தொடங்கியது. மகாகவி பாரதியார் பெயரில் இலவசப் பள்ளி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம், முதியோர் இல்லம், கோசாலை என்று ஒரே வளாகத்துக்குள் பல வேலைகள். உன்னைப் போன்றவர்கள் போனால் பாடம் சொல்லிக்கொடுக்கலாம், கம்ப்யூட்டர் கற்றுத்தரலாம், முதியவர்களோடு உட்கார்ந்து பேசலாம். போவதற்கு முன் போன் செய்து, ‘எங்களுக்கு இது தெரியும், உங்களுக்கு எது வேண்டும்’ என்று கேட்க வேண்டும். பிறந்தநாள் கேக்கோடு போய் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர்கள் ஏராளம். கணக்கில் தடுமாறும் ஒன்பதாம் வகுப்புப் பையனோடு பிப்ரவரி வரை உட்காருபவர்கள்தான் குறைவு.

பூந்தமல்லிப் பக்கம் வேறு மாதிரி வேலை. அங்கே பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்தவர்களும், மற்ற பள்ளிகளிலிருந்து வருபவர்களும் கல்லூரிக்குப் போனதும் தேடுவது, பாடத்தை வாசித்துக்காட்ட ஒரு குரலும் தேர்வை எழுதிக்கொடுக்க ஒரு கையும். டேங்க் ஃபேக்டரியில் பெரியப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், ஓய்வு பெற்றபின் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் இதற்குப் போய்க்கொண்டிருந்தார். தேர்வு அறைக்குள் போவதற்கு முன்பே மாணவரோடு கொஞ்ச நேரம் பேசிவிடுவார்: கேள்வியை எத்தனை தடவை படிக்க வேண்டும், எந்த வேகத்தில் சொல்லுவீர்கள், பத்தி பிரிப்பதைச் சொல்லிவிடுவீர்களா. உள்ளே போனபின், மாணவர் சொல்லும் விடை தவறு என்று தெரிந்தாலும் கை அதையே எழுத வேண்டும். அதுதான் கஷ்டம் என்பார். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள்படி, ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு. எழுதிக்கொடுப்பவரின் படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் பல தேர்வுகளில் விதி. எனவே என்ஜினியர்களான உங்களைவிடப் பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுப் பெண் சில இடங்களில் அதிகம் பயன்படுவாள். அவளையும் அழைத்துப் போகலாம். பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

நாள் தவறாமல் வரும் சாதாரண ஆட்களால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்த நேரம். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என்று கிடைத்த இடத்தில் வகுப்பு. மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். அவர்களில் யாரும் லோகோ வரையவில்லை.

அப்படியென்றால் புதிதாக எதையுமே தொடங்கக் கூடாதா என்று கேட்பாய். தொடங்கியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருவேற்காட்டில் பெரிய வளாகம் வைத்திருக்கும் உதவும் கரங்களை வித்யாகர் 1983-இல் தொடங்கினார். முகப்பேரில் இருக்கும் பானியன் அமைப்பை 1993-இல் தொடங்கியவர்கள் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள். மனநலம் பாதித்துத் தெருவில் திரிந்த ஒரு பெண்ணை எங்கேயாவது சேர்த்துவிட வேண்டும் என்று முதலில் அலைந்தார்கள். சேர்த்துக்கொள்ள இடம் கிடைக்கவில்லை. பிறகுதான் தாங்களே ஒரு வீட்டைத் திறந்தார்கள். வரிசையைக் கவனி: தேவை கண்ணில் பட்டது, இருக்கும் கதவுகளைத் தட்டினார்கள், எதுவும் திறக்கவில்லை, அப்புறம் அமைப்பு. உங்கள் டிரஸ்ட் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதுதான் பெரியப்பாவின் கவலை.

மழைக்காலம் தனிக் கதை. 2015 வெள்ளமும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சரி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் தண்ணீரில் நின்ற தெருக்கள் எத்தனையோ. பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இதே ரயில் பாதையில் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் சில மணி நேரத்துக்குத் தெருவில் இருப்பவர்கள்தான் ஆள். அதற்கு வேண்டியது படகு இல்லை, ஒரு நோட்டு. தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், டயாலிசிஸ் போகிறவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில், இன்சுலின் வைக்க பிரிட்ஜ் தேவைப்படுபவர் யார் என்று அக்டோபருக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிரெட் பாக்கெட் எப்படியும் மலைபோல் குவியும். நாப்கினும் பால் பவுடரும் மாத்திரையும்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

ரத்த தானம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விதிமுறை தெரியாமல் முகாமுக்குப் போய்த் திரும்புகிறவர்கள்தான் பலர். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாத இடைவெளியிலும் பெண்கள் நான்கு மாத இடைவெளியிலும் கொடுக்கலாம்.

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐ அழைத்துவிட்டுக் கூடவே நிற்கலாம். தமிழ்நாட்டின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது.

இன்னும் சில எண்களைத் தமிழில் பெரிதாக அச்சடித்து லிப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. சட்ட உதவியில் ஒன்று பலருக்குத் தெரியாது. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் மாதம் லட்சம் சம்பாதிக்கும் உனக்கும் அந்த உரிமை ஒன்றுதான். அவருக்கு அது தெரிந்திருக்காது, நீதான் சொல்ல வேண்டும்.

வரும் சனிக்கிழமை நண்பர்களில் இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு கசுவாவுக்குப் போய்விட்டு வா. மற்ற இரண்டு பேர் பூந்தமல்லிப் பள்ளியில் விசாரிக்கட்டும். ஆறு மாதம் அப்படியே போகட்டும். எந்தக் கதவும் திறக்காத தேவை ஒன்று அதற்குள் கண்ணில் பட்டால் எழுது, டிரஸ்ட் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் பெரியப்பாவே ரயிலேறி வருகிறார். வீட்டுப் பீரோவில் பழைய கணக்குப் புத்தகங்கள், எட்டாம் வகுப்பிலிருந்து பத்து வரை, அண்ணன் படித்தவை இருக்கின்றன. பாடத்திட்டம் மாறிவிட்டது, ஆனாலும் பயிற்சிக்கு ஆகும். சாவி பெரியம்மாவின் மஞ்சள் டப்பாவில்.

அன்புடன்,
பெரியப்பா