ஜீப் விஷயமாக மாப்பிள்ளைக்கு

பாலசமுத்திரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நீ அனுப்பிய ஜீப் படத்தை அத்தையும் பார்த்தாள். அகல டயர், தூக்கிக் கட்டிய பாடி, முன்னால் இரும்பு பம்பர். பிடித்துப்போனதில் தப்பே இல்லை. ஆனால் ஹரியானா நம்பரைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உங்கம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஹரியானா, பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். ஜீப் மாற்றிக் கட்டுவதற்கே பேர்போனது. வேலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அதைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பயம் காகிதத்தில்தான். ஆர்.சி. புக் ஒரு பழைய வண்டிக்கு இருக்கும். மேலே பாடி புதுசு, இன்ஜின் வேறெங்கிருந்தோ வந்தது என்றால் நீ வாங்குவது எந்த வண்டியை? கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு பென்சிலும் மெல்லிய தாளும் கொண்டு போ. சேஸ் நம்பர் இருக்கும் இடத்தில் துருவையும் கிரீஸையும் துடைத்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வரும். ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார். ஓர் எழுத்து மட்டும் ஆழம் மாறி வெட்டியிருந்தாலும், சுற்றிலும் அரம் போட்ட பளபளப்பு தெரிந்தாலும், பேசாமல் திரும்பி வந்துவிடு. வண்டி எத்தனையாவது ஓனரிடம் இருக்கிறது, கடனுக்கான ஹெச்.பி. நிற்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டாலே பார்த்துவிடலாம். கடனை அடைத்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, பைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட 35ஆம் பாரம் வேண்டும். அங்கத்து ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்காமல் இங்கே நம்பர் மாறாது. ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும், நம் ஊர் லைஃப் டேக்ஸும் தனியாகக் கட்ட வேண்டும்.

நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. "ஓனர் ஓபன் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் மாமா, எப்போது வேண்டுமானாலும் பேர் மாற்றிக்கலாம்." உங்க தாத்தாவின் அம்பாசடரும் இதே பேச்சில்தான் போனது. 29, 30ஆம் பாரங்களில் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவன் பேரை மாற்றவே இல்லை. சம்மன் வந்த அன்று அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்த விதம் உங்கம்மாவுக்கும் மறந்திருக்காது. விற்று முடித்த வண்டிக்கு வெளியூர் கோர்ட்டில் போய் நின்றார் மனுஷன். அந்த ஆளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கும் இதே கதைதான். ஒரு கார் 2007இல் விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறிப் போய், 2009இல் விபத்தில் ஓர் உயிரை வாங்கியது. ஆர்.சி.யில் மட்டும் முதலில் விற்றவர் பேரே இருந்தது. பேர் யாருடையதோ அவரே ஓனர், நஷ்ட ஈடும் அவர் பொறுப்பு என்று முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன், முதல் ஓனரிலிருந்து உன்வரைக்கும் பேர்கள் அறுபடாமல் வர வேண்டும். நடுவில் ஓர் ஆள் ஓபன் பாரத்தோடு நின்றாலும் அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

வாங்குவதும் விடுவதும் உன் விருப்பம், உன் சம்பாத்தியம். நான் தடுக்கவில்லை. ஒரே ஓனர் கையில் இருந்த டி.என். 57 பொலேரோ ஒன்று விலைக்கு வருகிறது என்று நம்ம மெக்கானிக் சொன்னார், பார்த்தும் வைத்திருக்கிறேன். மலைப் பாதைக்கு அதுவும் சளைக்காது.

அதிகம் பேசிவிட்டேனோ என்னவோ. உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை மாப்பிள்ளை, நம் வீட்டில் உன்னைப் போல் பொறுப்பான பிள்ளை யார்? சின்ன வயசில் என் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து டேம் வரைக்கும் வந்தவன் சொந்தமாக வண்டி வாங்குகிறான் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. ஞாயிற்றுக்கிழமை வா. அத்தை நாட்டுக்கோழி அடிக்கிறேன் என்கிறாள், ஆயக்குடி கொய்யாவும் வாங்கி வைக்கிறேன். அந்த ஜீப்தான் வேண்டும் என்றால் ஆர்.சி. நகலை எடுத்து வா, இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம். எந்த வண்டி வாங்கினாலும் பேர் மாற்றும் செலவு முழுக்க மாமாவுடையது.

அன்புடன்,
மாமா