செல் எதன்மேல் நிற்கிறது?

அன்புள்ள தங்கைக்கு,

செல் நகர்வில் ஆய்வு தொடங்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். இன்டெக்ரின்களைப் பற்றிப் படிக்கக் கட்டுரைகள் மலையாகக் கிடக்கின்றன. அதற்கு நான் வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. தட்டில் செல்லை விடுவதற்கு முன், அது எதன்மேல் நிற்கப்போகிறது என்று யோசி.

இன்டெக்ரின் வெறும் பசை இல்லை. ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர்ந்து செல் சவ்வை ஊடுருவி நிற்கும் ஏற்பி அது. மனித உடலில் 18 ஆல்ஃபாவும் 8 பீட்டாவும் சேர்ந்து 24 ஜோடிகள் ஆகின்றன. வெளியே ஃபைப்ரோநெக்டின், கொலாஜன் போன்றவற்றைப் பிடிக்கின்றன. உள்ளே பெரும்பாலானவை டேலின் என்ற புரதத்தின் வழியாக ஆக்டின் இழைகளோடு இணைகின்றன. செய்தி இரு திசையிலும் போகும். டேலினும் கிண்ட்லினும் பீட்டாவின் வால்பகுதியில் வந்து உட்கார்ந்தால், மடங்கிக் கிடந்த தலை நிமிர்ந்து இறுகப் பிடிக்கும். பிடித்த பிறகு எஃப்ஏகே என்ற கைனேஸ் தன் 397ஆம் டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளும். அங்கே சார்க் வந்து சேரும். அந்தச் செய்தி ராக், ரோ புரதங்கள்வரை போய் முன்விளிம்பை நீட்டவும் பின்பக்கத்தைச் சுருக்கவும் வைக்கும். இழுவிசைகூடச் செய்திதான். சில பிக்கோநியூட்டன் இழுப்பிலேயே டேலினின் தண்டு அவிழ்ந்து, வின்குலின் என்ற புரதம் ஒட்டுவதற்கான மறைந்திருந்த இடங்கள் வெளியே வந்துவிடும்.

ஆக, தரை மாறினால் செல்லுக்குப் போகும் உத்தரவே மாறிவிடும்.

1997இல் வெளியான ஒரு சோதனையை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். பாலெசெக், லாஃபன்பர்கர், ஹார்விட்ஸ் முதலானோர் சைனீஸ் ஹாம்ஸ்டர் சூலகச் செல்களில் மூன்றை மாற்றிப் பார்த்தார்கள்: தரையில் பூசிய புரதத்தின் அளவு, செல்லில் உள்ள இன்டெக்ரின் அளவு, இரண்டுக்கும் இடையிலான பிடிப்பின் வலு. எதை மாற்றினாலும் ஒட்டுதல் நடுத்தரமாக இருந்தபோதுதான் செல் வேகமாக நகர்ந்தது. பாசி பிடித்த படியில் கால் நிற்காது, சேற்று வயலில் கால் எடுக்க வராது, அதே கதைதான். இதில் உனக்கான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒட்டுதலைக் குறைக்கும் ஒரு மருந்தை, பூச்சு குறைவான தட்டில் போட்டால் செல் மெதுவாகும். பூச்சு மிகுந்த தட்டில் அதே மருந்து வேகத்தைக் கூட்டலாம். ஒரே ஒரு பூச்சளவில் பார்த்துவிட்டு ‘இந்த மருந்து நகர்வைத் தடுக்கிறது’ என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. நீயும் நம்பாதே.

சீரத்தை மறந்துவிடாதே. அதில் ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் கலந்தே வருகின்றன. சீரம் ஊற்றிய தட்டில் ‘கொலாஜன் மேல் செல்’ என்று சொல்வதற்கு உனக்கு உரிமை இல்லை. டிரிப்சின் போட்டு எடுத்த செல்லின் மேற்பரப்புப் புரதங்களில் சில வெட்டுப்பட்டிருக்கும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. பாலிலைசின் பூசிய தட்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்: அங்கே செல் மின்னூட்டத்தால்தான் ஒட்டுகிறது, இன்டெக்ரினால் அல்ல. பிறகு செல்லுக்கு அடியில் இருக்கும் கண்ணாடியின் விறைப்பு. மூளைத் திசு ஒரு கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும், கண்ணாடியோ கிகாபாஸ்கல் கணக்கில். செல் தரையைப் பற்றும் இடங்களில் தெரியும், அட்டைப்படத்துக்கு ஏற்ற அந்தப் பளபளக்கும் ஒட்டுப்புள்ளிகளில் பாதி அழகு கண்ணாடி தந்தது.

இன்னொன்றும் உன் மேசையில் ஒட்டி வைக்கத் தகும். பீட்டா-2 இன்டெக்ரின் மரபணு பழுதான குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழத் தாமதமாகும். தொற்று வந்தால் சீழ் கட்டாது. ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றி வெளியேற அவற்றால் முடியாது. இன்டெக்ரின் இல்லாமல் நகர்வே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 2008இல் லெமர்மன், சிக்ஸ்ட் குழுவினர் எலியின் வெள்ளணுக்களில் இன்டெக்ரின்கள் அனைத்தையும் நீக்கினார்கள். தட்டையான பரப்பில் அவை தடுமாறின. முப்பரிமாணத் திசுவுக்குள்ளோ ஆக்டினை முன்னே வளர்த்து, உடலைப் பிதுக்கிச் சாதாரணமாகவே நகர்ந்தன. சுவரைத் தாண்டும்வரை உயிர்நாடியான ஏற்பி, சுவருக்கு அப்பால் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு முடிவுகளும் சரி. கேட்ட இடம்தான் வேறு.

உன் வழிகாட்டி முதல் வாரமே ஒரு தடுப்பானைக் கையில் கொடுக்கலாம். வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிடு. சீரம் இல்லாத ஊடகத்தில், ஃபைப்ரோநெக்டினை ஆறேழு அளவுகளில் பூசி, உன் செல் எந்த அளவில் வேகமாக ஓடுகிறது என்ற வளைகோட்டை முதலில் வரைந்து அவரிடம் காட்டு. தடுப்பானை அந்த வளைகோட்டின் இரு பக்கங்களிலும் போட்டுப் பார்க்க அனுமதி கேள்.

அன்புடன்,
அக்கா