ஈறு நோயும் பற்களின் ஆயுளும்

கர்நாடக அரசு 2014-15-இல் 'தந்த பாக்ய' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பற்களை இழந்த ஏழை முதியவர்களுக்குப் பல்செட் இலவசமாக வழங்குவது அதன் நோக்கம். மாநிலத்தின் பல் மருத்துவக் கல்லூரிகள் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டன. அவற்றுள் பெங்களூருவில் 1958-இல் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒன்று. மெல்லத் தேவையில்லாத ராகிக் களியையே நம்பியிருக்கும் முதியவருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய பற்கள் ஏன் விழுந்தன? முதுமையே காரணம் என்பது பொதுவான நம்பிக்கை. அது தவறு. சொத்தையை அடுத்து, நடுவயதுக்குப் பின் பற்களைப் பறிக்கும் முதன்மைக் காரணம் ஈறு நோயாகும்.

இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வில், 35 முதல் 44 வயது வரையிலானோரில் 89.6 விழுக்காட்டினரிடம் ஈறு நோயின் அறிகுறி காணப்பட்டது. 12 வயதுச் சிறாரிலேயே அது 57 விழுக்காடு.

நோய் வளரும் விதம்

துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் நுண்ணுயிர்ப் படலம் படியத் தொடங்குகிறது. அகற்றப்படாத படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசிகிறது. டென்மார்க்கில் 1965-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. இந்நிலை வரை நோய் முற்றிலும் மீளக்கூடியது.

அடுத்த கட்டம் அவ்வாறன்று. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற பள்ளம் உண்டாகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. அதனாலேயே மருத்துவரை நாடுவதும் தாமதமாகிறது. மக்கள் 'பயோரியா' என்றழைப்பது இதனையே.

இதன் போக்கைத் தெளிவாகக் காட்டியவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள். பல் மருத்துவ வசதியே கிட்டாத, தூரிகையால் துலக்கும் வழக்கமில்லாத 480 ஆண்களை ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தனர். அனைவரின் வாயிலும் படலமும் காரையும் மிகுந்திருந்தன. எனினும் 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறு அழற்சியைத் தாண்டவில்லை. 81 விழுக்காட்டினருக்கு மெல்ல முற்றியது. எஞ்சிய 8 விழுக்காட்டினர் 45 வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பற்களையும் இழந்தனர். அழுக்கு நோயைத் தொடங்கி வைக்கிறது. அதன் வேகத்தை உடலின் எதிர்வினையும் தீர்மானிக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. வறியோரின் வசதியின்மையே இங்கு ஆய்வுக்களமாக அமைந்தது என்பதையும் மறத்தலாகாது.

சிகிச்சை

பல்லின் மேலும் ஈறுக்கு அடியிலும் உள்ள காரையை அகற்றி வேரைச் சுத்தம் செய்வதே அடிப்படைச் சிகிச்சை. ஆழ்ந்த பைகள் எஞ்சினால் ஈறைத் திறந்து அறுவை செய்ய நேரிடும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. மேலும் கரையாமல் காப்பதே குறிக்கோள்.

'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்ற அச்சம் படித்தவர்களிடமும் உள்ளது. எலும்பை ஏற்கெனவே இழந்த பற்களைக் காரைதான் ஒன்றோடொன்று பிணைத்து நிற்கச் செய்கிறது. அதை நீக்கியதும் பழைய ஆட்டமும் இடைவெளியும் வெளிப்படுகின்றன. இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவோரும் உளர். அது நோயை வளர்ப்பதாகும்.

நீரிழிவு ஈறு நோயை முற்றச் செய்கிறது. ஈறு நோயும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஆகவே நீரிழிவுக்கு மருந்து வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் வருவோரிடம், துலக்கும்போது இரத்தம் கசிகிறதா என்று செவிலியர் கேட்டறியலாம். இதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை. புகைபிடிப்போருக்கு மட்டும் இக்கேள்வி போதாது. புகை இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடுமாதலால், அவர்களைப் பல் மருத்துவரிடம் அனுப்பிப் பையின் ஆழத்தை அளந்தறிய வேண்டும்.