பழைய பிக்கப்பில் ஏ.சி., ஹீட்டர் கோளாறா?

தியாகதுருகத்துச் சித்திரை வெயிலில் குளிர்ச்சியையும், கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் மார்கழிப் பனிக்கு வெப்பத்தையும் அளிக்க வேண்டிய பழைய பிக்கப் வண்டியில், குமிழைத் திருப்பியும் பயன் காணாதபோது, பணிமனைக்குச் செல்லுமுன் பின்வருவனவற்றைக் கிரமமாகப் பரிசோதியுங்கள்.

1. காற்றாடி சுழலவே இல்லையெனில், சாவியை அணைத்துவிட்டு ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து, அது கருகியிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே பொருத்துங்கள். மிகுந்த அளவுள்ளதைப் பொருத்தினால் வயரே எரிந்து தீவிபத்து சம்பவிக்கக்கூடும்.

2. காற்றாடி உச்ச வேகத்தில் மட்டும் சுழலுமாயின், முதலில் காற்றாடியின் ரெசிஸ்டரைச் சோதிக்குமாறு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். குறைந்த வேகங்களுக்குரிய மின்சாரம் மாத்திரமே அதன் வழியாகப் பாய்கிறது.

3. குமிழைத் திருப்பியும் சூடும் குளிரும் மாறாவிடில், டேஷ்போர்டின் அடியிலுள்ள கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியுள்ளதா என்று நோக்குங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் காற்றின் பாதையை மாற்றுவது அந்தக் கேபிளே.

4. ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரஸரில் 'டக்' என்ற ஓசை எழாவிடில், ஃபியூஸையும் ரிலேயையும் சோதித்து, அவை செம்மையாயிருப்பின், கேஸ் குழாயை நீங்களே கழற்றாமல், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கேஸ் குறைந்துவிட்டால் அழுத்த ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது.

5. கரும்புச் சோகைத் தூசியும் புழுதியும் படிந்த கண்டென்ஸரை, எஞ்சின் ஆறிய பின்னர், மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். தகடுகளிடையே காற்றோட்டம் தடைப்பட்டால் குளிர்ச்சி க்ஷீணிக்கும்.

6. மலையேற்றத்தில் எஞ்சின் சூட்டுமுள் உயர்ந்தால், ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்து, வண்டியைப் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பகுதி ஹீட்டர் வழியே வெளியேறும்.

7. எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை எக்காரணத்தாலும் திறவாதீர்கள். கொதிநீர் பீறிட்டுக் கடுங்காயம் விளைவிக்கும்.