பங்கின் இணையதளத்தில் என்ன இசை ஒலிக்கலாம்?

கேள்வி: எங்கள் பங்குக்கு இணையதளம் தயாராகிறது. திறந்ததுமே பாட்டு ஒலிக்க வேண்டும் என்கிறார்கள் பாடகர் குழுவினர். எதைச் சேர்க்கலாம்?

பதில்: திறந்ததுமே வேண்டாம். ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு என்று பஸ்ஸில் நின்றபடி போனில் பார்ப்பவருக்குத் திடீரென்று கீபோர்டு முழங்கினால், நேரத்தைப் பார்க்காமலே மூடிவிடுவார். 2018 முதல் குரோமும் தானாக ஒலிப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ‘பாடல் கேட்க’ என்று ஒரு பொத்தான் போதும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டு இசையில் முதலிடம் தந்தது கிரகோரியன் இசைக்கு, அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் காலம் பார்த்து மாற்றுங்கள். தவக்காலத்தில் அல்லேலூயா கேட்டால் பங்குச் சாமியார் முகம் சுளிப்பார்!

உரிமையும் முக்கியம். நம் சட்டப்படி, இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை மெட்டுக்குக் காப்புரிமை உண்டு. ‘சைலன்ட் நைட்’ மெட்டமைத்த குரூபர் இறந்தது 1863இல். மெட்டு இன்று பொதுச்சொத்து. ஆனால் சி.டி.யில் இருக்கும் பதிவுக்கு உரிமை தனி. பழைய மெட்டொன்றை உங்கள் குழுவே பாடிப் பதிவு செய்யட்டும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் குரல்தான் ஊர்க்கோயில்.